அரச மண்டபத்தில் ஒரு குட்டைத் தூண்

இருபத்தாறு வருடம் நான் வீடுகளில் சமையலறை அலமாரி பொருத்திக்கொண்டிருந்தேன். பலகை எல்லாம் தொழிற்சாலையிலேயே அறுபட்டு, துளை போட்டு, அட்டைப்பெட்டியில் வந்துவிடும். நான் திருகாணியை முடுக்குவேன், கதவு நேராக நிற்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்ப்பேன், கிளம்பிவிடுவேன். ஆனால் யாராவது என்ன தொழில் என்று கேட்டால், "தச்சன்" என்பேன். அதைச் சொல்லும்போது குரல் தானாகவே கொஞ்சம் கனத்துப் போகும்.

எனக்கு ஐம்பத்து மூன்று வயதானபோது கம்பெனியை மூடிவிட்டார்கள். மூன்று மாதம் வீட்டில் உட்கார்ந்து, என் மனைவி யூட்டெ செய்கிற ஒவ்வொரு வேலையிலும் குறை கண்டுபிடித்தேன். நான்காவது மாதம் அவள் நாளிதழை என் காப்பிக் கோப்பைக்கு முன்னால் விரித்து வைத்தாள். எங்கள் ஊருக்கு வெளியே, ஓடைக்கு மேலே இருக்கும் மேட்டில், வைக்கிங் காலத்து அரசன் ஒருவனின் மண்டபத்தைப் பழைய முறைப்படி மரத்தில் திரும்பக் கட்டப் போகிறார்கள். தச்சர்கள் தேவை.

"நீதான் தச்சனாச்சே, டோர்கில்," என்றாள். அவள் முகத்தில் சிரிப்பே இல்லை. அதுதான் என்னைக் குத்தியது.

அந்த மண்டபத்தில் மிச்சமென்று எதுவும் கிடையாது. ஆயிரம் வருடத்துக்கு முன்னால் தூண் நட்ட குழிகள் மட்டும், களிமண்ணில் கறுப்பு வட்டங்களாக, இரண்டு வரிசையில் இருபத்திரண்டு. அதை வைத்துக்கொண்டு அறுபது மீட்டர் நீளக் கட்டடம் எழும்ப வேண்டும். அந்த வேலைக்குத் தலைமை போடில் என்ற பெண். முப்பத்தாறு வயது. அவளுடைய முன்னங்கை என் கெண்டைக்காலைவிடப் பருமன்.

"அகலக் கோடரி பிடிச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"பிடிச்சிருக்கேனாவா?" என்று சிரித்தேன். அப்படிச் சிரித்தால் அதற்குமேல் பொய் சொல்ல வேண்டியதில்லை.

சுவரில் சாய்த்திருந்த கோடரிகளில் ஒன்றை, மிகவும் பழக்கப்பட்டவன் போல எடுத்தேன். அந்த வகைக் கோடரிக்கு ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். கைப்பிடி வெளிப்பக்கமாக வளைந்திருக்கும், விரல் மரத்தில் உரசாமல் இருக்க. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

போடில் புருவத்தை உயர்த்தினாள். "அது இடக்கைக்காரங்க கோடரி. நீங்க இடக்கையா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு சொல். "எனக்கு ரெண்டு கையும் ஒண்ணுதான்," என்றேன்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "அட, இதைத்தானே தேடிக்கிட்டிருந்தேன்! ஸ்வென்னிங் வலக்கை. மரத்துக்கு அந்தப் பக்கம் நிக்க ஒரு இடக்கை ஆள் இல்லாம தவிச்சுக்கிட்டு இருக்கோம். திங்கட்கிழமை ஏழு மணிக்கு வந்துடுங்க."

என் இடது கை அதுவரை செய்த பெரிய காரியம், வலது கை தொலைபேசியில் பேசும்போது கோப்பையைப் பிடித்துக்கொண்டதுதான்.

ஸ்வென்னிங் படகு கட்டுகிறவர்களின் வம்சம். மெலிந்த, நீண்ட ஆள். வாயில் எப்போதும் ஒரு மரச்சிராய். கிடத்தி வைத்த ஓக் மரத்துக்கு அவன் ஒரு பக்கம், நான் மறுபக்கம். மரத்தின்மேல் நூல் பிடித்துக் கரிக்கோடு போட்டிருக்கும். கோட்டுவரை வெட்டு வைத்து, இடையிலிருப்பதைப் பிளந்து தள்ளி, பிறகு அகலக் கோடரியால் தோல் சீவுவது போலச் சீவ வேண்டும். அவன் பக்கம் மேஜை மாதிரி ஆனது. என் பக்கம் நாய் கடித்த ரொட்டி மாதிரி ஆனது.

"யோவ் டோர்கில், மரம் உன்னை ஏதாவது திட்டிச்சா?"

"ஏன்?"

"இப்படிப் பழிவாங்குறியே."

முதல் மூன்று வாரம் இடது கையால் கோப்பையைக்கூடத் தூக்க முடியவில்லை. வலது கை சும்மா இருந்தாலும், முதுகு இரண்டுக்கும் பொதுவாக இருப்பதால் அதுவும் பயன்படவில்லை. ரை ரொட்டியில் ஈரல் பேஸ்ட் தடவி, வெள்ளரி ஊறுகாய் வைத்து, யூட்டெ எனக்கு ஊட்டிவிடாத குறை. "நீ வலக்கைதானேப்பா?" என்று ஒரு நாள் கேட்டாள். வேலை மாறியதால் கையும் மாறிவிட்டது என்றேன். அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. முப்பது வருடக் கல்யாணம்.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஜூலை முடிவதற்குள் என் பக்கமும் மேஜை மாதிரி ஆகிவிட்டது. எப்படி என்று எனக்கே தெரியாது. ஒரு காலையில் கோடரி தானாகவே வழுக்கிக்கொண்டு போயிற்று. சிராய் காகிதம் போலச் சுருண்டு விழுந்தது. ஸ்வென்னிங் வாயிலிருந்த சிராயை எடுத்துவிட்டுப் பார்த்தான், திரும்ப வைத்துக்கொண்டான். அன்று சாயங்காலம் நான் கை கழுவவே இல்லை. பச்சை ஓக் மரமும் இரும்பும் சேர்ந்தால் கை கருநீலமாகிவிடும். அந்தக் கையோடு கடைக்குப் போய், பணம் கொடுக்கும் இடத்தில் தேவைக்கு மேல் நேரம் எடுத்துக்கொண்டு பால் வாங்கினேன். அங்கிருந்த பெண், "மை கொட்டிடுச்சா?" என்று கேட்டாள்.

இந்தப் பெருமைதான் என்னைப் படுகுழியில் தள்ளியது.

அந்த மண்டபம் கவிழ்த்த படகு போன்றது. நடுவில் உயரம், இரண்டு முனையிலும் தாழ்வு. அதனால் ஒவ்வொரு ஜோடித் தூணுக்கும் ஒவ்வொரு உயரம். போடில் எங்களுக்கு டேப்பைக் கொடுக்கவில்லை. நீளமான பைன் சட்டம் ஒன்றில் எல்லா உயரத்தையும் கத்தியால் கீறி வைத்திருந்தாள். முனை ஜோடிக்கு ஒரு கீறல், அடுத்ததற்கு இரண்டு, இப்படியே ஏறி, நடு ஜோடிக்கு ஆறு.

ஆகஸ்டில் நடு ஜோடியின் வடக்குத் தூணைத் தறிக்கும் வேலை எனக்கு வந்தது. எல்லாவற்றிலும் பெரிய மரம். கிட்டத்தட்ட இருநூறு வயது. நான் சட்டத்தை மரத்தின்மேல் வைத்த நேரம் பார்த்து, ஸ்வீடனிலிருந்து வந்த ஒரு சுற்றுலாப் பேருந்துக் கூட்டம், வேடிக்கை பார்ப்பவர்களுக்காகக் கட்டியிருந்த கயிற்றுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது. பெரும்பாலும் பெண்கள். ஒருத்தி கேமராவைத் தூக்கினாள். வைக்கிங்குகளுக்கு மூக்குக்கண்ணாடி கிடையாது என்பது எனக்கு ஞாபகம் வந்தது. என்னுடையதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன்.

"தப்பா வெட்டிட்டா என்ன பண்ணுவீங்க?" என்று அவள் கேட்டாள்.

"அம்மா, இருபத்தாறு வருஷம்," என்றேன். "கை தப்பாது."

ரம்பத்தில் தறித்திருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். அங்கே அது கூடாது. கோடரியால் ஒரு மணி நேரத்துக்குமேல் ஆயிற்று. இடையில் நிறுத்தி யோசிக்க எத்தனையோ வாய்ப்பு. நான் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, பாதிக் கூட்டம் போன பிறகும் மிச்சமிருந்தவர்களுக்கு மரத்தைப் பற்றி விளக்கிக்கொண்டே வெட்டினேன். துண்டு தனியாக உருண்டு விழுந்தபோது கைதட்டினார்கள். நான் தலை குனிந்து வணங்கினேன்.

அவர்கள் போனபிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். நான் வெட்டிய இடத்துக்கு நேரே சட்டத்தில் ஒரே ஒரு கீறல் இருந்தது.

ஆறு கீறல் போட்ட இடம் அறுபத்திரண்டு சென்டிமீட்டர் தள்ளி, துண்டு விழுந்த பக்கம் இருந்தது.  நான் முதலில் செய்த காரியம், அந்தத் துண்டை உருட்டிக்கொண்டு போய் நிமிர்த்தி வைத்து, அதன்மேல் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்ததுதான்.

"நல்ல முக்காலியா இருக்கே," என்றான் ஸ்வென்னிங். "எங்க பிடிச்சே?"

"அங்க கிடந்துச்சு."

"அங்க கிடந்துச்சா." அவன் துண்டைப் பார்த்தான், தூணைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு ஹெர்ரிங் மீன் வைத்த தன் ரொட்டியைத் தின்னத் தொடங்கினான். இரண்டு நாள் அவன் யாரிடமும் சொல்லவில்லை. அதைவிடக் கொடுமை, என்னிடம் ஒரு கிண்டல்கூடச் செய்யவில்லை.

மிச்சத் தூண்களை நிறுத்தக் கிரேன் வியாழக்கிழமை மறுபடியும் வருவதாக இருந்தது. புதன்கிழமை காலை ஏழு மணிக்கு முன்னாலேயே போய்விட்டேன். போடில் கொட்டகை வாசலில் காப்பியோடு நின்றிருந்தாள்.

"வடக்கு நடுத்தூண் குட்டையாயிடுச்சு," என்றேன்.

"எவ்வளவு?"

"அறுபத்திரண்டு."

"மில்லியா, சென்டியா?"

நான் இரண்டு கையையும் அகல விரித்துக் காட்டினேன். அவள் காப்பியை முழுதாகக் குடித்து முடித்தாள். மிகவும் மெதுவாகக் குடித்தாள்.

"முனைத் தூணா ஆக்கிக்கலாம்ல?" என்று நானே கேட்டேன். இரண்டு நாள் தூங்காமல் கண்டுபிடித்த வழி அது.

"நாலு மூலைத் தூணும் நின்னாச்சு. அஞ்சாவது மூலை எங்கயாவது வச்சிருக்கீங்களா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"அந்த அளவுக்கு இன்னொரு மரம் இந்த வருஷம் கிடைக்காது. ஒட்டுப் போட்டா மண்ணுக்குள்ள ஒட்டுலதான் முதல்ல அழுகும்." அவள் கோப்பையை உதறினாள். "எப்படிங்க ஆறும் ஒண்ணும் குழம்பும்?"

"கண்ணாடியைக் கழட்டியிருந்தேன்."

"ஏன்?"

"போட்டோ எடுத்தாங்க."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் தேவலை. திரும்பி நின்றுகொண்டாள், தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்துபோனேன். அழவில்லை.

சிரித்து முடித்ததும் முகம் கல்லாகிவிட்டது. கிரேனை ஒத்திப்போடச் சொன்னாள். பிறகு விபெக்கெயைக் கூப்பிட்டாள். அந்தக் குழிகளையெல்லாம் தோண்டிக் கண்டுபிடித்த தொல்லியல்காரி அவள்தான். நாங்கள் வைக்கிற ஒவ்வொரு மர ஆணிக்கும் ஆதாரம் கேட்கிறவள். நான் மறுபடியும் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன், கண்ணாடி உட்பட.

விபெக்கெ தன் கணினியைத் திறந்து ஏதோ தேடினாள். "நடு ஜோடியில ஒரு குழி மத்ததைவிட ஆழம் குறைச்சல்தான்," என்றாள் தயக்கமாக. "அடியில தட்டைக் கல்லா அடுக்கியிருந்துச்சு. இப்ப கட்டுறதுக்கு நாம எல்லாத்தையும் சமமாவே தோண்டிட்டோம், ஏன்னா அதுக்குக் காரணம் புரியல. அறிக்கையில 'சடங்கு சார்ந்ததாக இருக்கலாம்'னு எழுதினேன்."

"சடங்கா!" என்று நான் கிட்டத்தட்டக் கத்திவிட்டேன். "அங்க என்னை மாதிரி ஒருத்தன் குட்டையா வெட்டிட்டு நின்னிருக்கான்! ராஜா வியாழக்கிழமை வர்றாரு! கல்லை அள்ளிப் போட்டிருக்கான்!"

"அதுக்கு ஆதாரம் இல்லை."

"சடங்குக்கு இருக்கா?"

விபெக்கெ என்னை முறைத்தாள். "அது நாப்பத்தஞ்சு சென்டிமீட்டர்தான் குறைச்சல். அறுபத்திரண்டு இல்லை. அதோட அது தெற்கு வரிசை. உங்க தூண் வடக்கு."

"தெற்கு வரிசைக்கு மாத்திடலாம்," என்றாள் போடில். "அங்க நட்டா தப்பு ஆராய்ச்சி ஆயிடும்."

கட்டடப் பொறியாளர் இரண்டு வாரம் கணக்குப் போட்டு, கல் படுக்கையை நன்றாக இடித்துக் கெட்டிப்படுத்தினால், குறுக்கு உத்திரங்கள் பிடித்துக்கொள்ளும், தூண் நிற்கும் என்றார். விபெக்கெ மட்டும் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. பதினேழு சென்டிமீட்டர் வித்தியாசத்தைத் தனியாகப் பதிவு செய்வேன் என்றாள், செய்தாள்.

அந்தக் குழியை ஜூன் மாதம் ஒன்றரை மீட்டர் ஆழத்துக்குத் தோண்டியவர்களில் நானும் ஒருவன். செப்டம்பரில் தனியாக அதைத் தூர்த்தேன். சுற்றியுள்ள வயல்களிலிருந்து கல் பொறுக்கி, தள்ளுவண்டியில் கொண்டுவந்து, ஒவ்வொன்றாக அடுக்கி, மரக்கட்டையால் இடித்தேன். ஒன்பது நாள். யாரும் உதவிக்கு வரவில்லை. வரக் கூடாது என்று போடில் சொல்லியிருந்தாள். ஸ்வென்னிங் மட்டும் அவ்வப்போது குழி விளிம்பில் வந்து நிற்பான்.

"சடங்கு எப்படிப் போகுது, பூசாரி?"

இழந்த கிண்டல் திரும்பி வந்ததில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

தூண் இறங்கிய அன்று நான் மேட்டுக்குக் கீழே போய் நின்றுகொண்டேன், பார்க்கத் தைரியம் இல்லாமல். மேலே சத்தம் அடங்கியது. வெகுநேரம் கழித்து போடில் வந்து, "எதிர்த் தூணோட தலைமட்டம் சரியா இருக்கு," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த மே மாதம் கைமரங்கள் எல்லாம் ஏறின. கூரைச் சட்டம் முடிந்தால் கட்டுகிறவர்களுக்கு விருந்து வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். உச்சியில் இலை வளையங்கள் தொங்க, கீழே சுட்ட தொத்திறைச்சியும் பீரும். போடில் ஒரு பீப்பாய்மேல் ஏறிப் பேசினாள். ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி, அவர் செய்ததைச் சொன்னாள். என் முறை வருவதற்குள் என் பீர் வெந்நீர் மாதிரி ஆகிவிட்டது.

"டோர்கில்," என்றாள்.  "பதினொரு தூணோட ஒரு பக்கம் அவர் கைதான். அதைத் தடவிப் பாருங்க."

அவ்வளவுதான் சொன்னாள். எல்லோரும் கைதட்டினார்கள். அந்த ஸ்வீடன் கூட்டம் தட்டியதைவிடச் சத்தம் குறைவுதான். ஆனாலும் இந்த முறை தலை குனிந்து வணங்க மறந்துபோனேன்.

யூட்டெ அன்றுதான் முதல் முறையாக உள்ளே வந்தாள். ஒன்பது மாதமாக அந்தத் தூணைப் பற்றித் தினமும் கேட்டுக் காது புளித்தவள். "எது?" என்றாள். அழைத்துக்கொண்டு போய்க் காட்டினேன். அவள் மேலிருந்து கீழ்வரை பார்த்தாள், சுற்றி வந்தாள், பக்கத்துத் தூணையும் பார்த்தாள்.

"எல்லாம் போலத்தானே இருக்கு," என்றாள்.

"அதான். மண்ணுக்குள்ளதான் குறைச்சல்."

"வெளிய தெரியவே இல்லையே."

"தெரியாது."

தெரியாமல் இருக்க வேண்டுமென்றுதான் ஒன்பது நாள் கல் சுமந்தேன். ஆனாலும் அவள் அப்படிச் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. இப்போது கோடையில் வாரம் மூன்று நாள் அங்கே கூரைக்கு மர ஓடு பிளக்கும் வேலை. கூட்டம் வந்தால், யாரும் கேட்காவிட்டாலும், எழுந்து போய் அந்தத் தூணைக் காட்டிவிடுகிறேன்.