விளக்கும் தண்ணீரும் சேர்த்து

ஜெபகனி தக்கலைக்குத் தையல் டீச்சராக மாற்றலாகி வந்தது ஐம்பத்து மூன்றாம் வருஷம் ஜூன் மாதத்தில். நாற்பது வயது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பாய், கையால் சுற்றும் தையல் மெஷின், இவ்வளவுதான் சாமான்.

வீடு சீக்கிரமே அமைந்தது. எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ஓய்வுபெற்ற ஞானையன் தன் வீட்டை நடுவில் சுவர் வைத்துத் தடுத்து ஒரு பாதியை வாடகைக்கு விட்டார். கரண்டு வெளிச்சமும் கிணற்றுத் தண்ணீரும் வாடகையிலேயே சேர்த்தி என்று அவர் சொன்னபோது ஜெபகனி மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

குடிவந்த அன்று சாயங்காலம்தான் பார்த்தாள். தடுப்புச் சுவரின் மேலே தேங்காய் நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை. அதற்குள் ஒரே ஒரு பல்பு. பாதி வெளிச்சம் அந்தப் பக்கம், பாதி இந்தப் பக்கம். சுவிட்சு ஞானையன் பக்கம்.

அவர் ஏழு மணிக்குச் சாப்பிட்டு, ஜெபம் பண்ணி, ஏழரைக்கு சுவிட்சை அணைத்துவிடுவார். போய்க் கேட்டதற்கு, சீக்கிரம் படுப்பது உடம்புக்கு நல்லது என்றார். மண்ணெண்ணெய் விளக்கு வாங்கி வைத்தாள். மறுநாள் காலையிலேயே வந்து, வெள்ளையடித்த சுவரில் கரி ஏறுகிறது என்று விரலால் தடவிக் காட்டினார். தண்ணீருக்கும் இப்படித்தான். குடிக்கலாம், குளிக்கலாம், துணி துவைக்க மட்டும் குளத்துக்குப் போக வேண்டும். அது சொன்னதில் சேராதாம். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவர் நீட்டி முழக்கிப் பாடும்போது அவளுக்குப் பாட்டில் மனம் நிற்காது.

டிசம்பரில் கிறிஸ்துமஸ் பாட்டுக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பதினொரு பேருக்குக் கவுன் தைக்கும் வேலை வந்தது. பகலில் வகுப்பு, சாயங்காலம்தான் நேரம். ஒருநாள் கவுனுக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தபோது பல்பு அணைந்தது. கையிலிருந்த தையலை இருட்டிலேயே தடவி முடித்தாள். காலையில் பார்த்தால் வலது கை இடது பக்கம் ஏறியிருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போகும் அவசரத்தில் அத்தனையையும் பிரித்தாள். ஊசி இரண்டு தடவை விரலில் ஏறியது.

அன்று சாயங்காலம் மெஷினைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு முன்வாசல் வழியாகச் சுற்றிப் போய்க் கதவைத் தட்டினாள். ஞானையனின் மனைவி ஜெயபாய் திறந்தாள். ஜெபகனி நேரே உள்ளே போய், பல்புக்குக் கீழே மெஷினை இறக்கி வைத்தாள்.

ஞானையன் சாப்பாட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். “இது என்ன டீச்சர்?”

“வாடகையில வெளிச்சமும் சேத்தீன்னு நீங்கதானே அண்ணாச்சி சொன்னிய. எனக்க பக்கம் ஏழரைக்கு மேல வெளிச்சம் இல்ல. அது இருக்கப்பட்ட எடத்துக்கு வந்திருக்கேன்.”

“இனி நான் படுக்காண்டாமா?”

“படுங்க. நான் தச்சிட்டு அணச்சிட்டுப் போறேன்.”

மெஷின் கடகடவென்று ஓட ஆரம்பித்தது. அவர் எழுந்து சுவிட்சுப் பக்கம் போனார். அதற்கு முன்பே ஜெயபாய் அங்கே போய் நின்றுகொண்டாள். பிள்ளைகளுக்கக் கவுனல்லவா என்றாள். அவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போனார். அங்கே கொசு. திரும்பி வந்தார். மறுபடியும் போனார்.

நாலு சாயங்காலம் இப்படி நடந்தது. ஐந்தாம் நாள் வயர்மேனுக்குச் சொல்லியனுப்பினார். வயர்மேன் கிறிஸ்துமஸ் எல்லாம் கழிந்து ஜனவரி பத்தாம் தேதிதான் வந்தான். அதற்குள் பதினொரு கவுனும் ஞானையன் வீட்டுக்குள்ளேயே தைத்து முடிந்திருந்தது. என்றாலும் ஜெபகனிக்குத் தனிப் பல்பு வந்தது, தன் கைக்கெட்டும் உயரத்தில் சுவிட்சு வந்தது. முதல்நாள் அதை ஏழெட்டுத் தடவை போட்டு அணைத்துப் பார்த்தாள்.

நிம்மதியாக இருக்கலாம் என்று நினைத்தாள். ஆனால் அந்தச் சாயங்காலங்களில் ஜெயபாய்க்குத் தையல் ஆசை பிடித்துவிட்டது. ஏழரைக்குப் புருஷன் படுத்ததும் ஒரு துண்டுத் துணியோடு இந்தப் பக்கம் வந்துவிடுவாள். கண்ட இடத்தில் கத்தரி வைப்பாள், நூலைச் சிக்கலாக்குவாள், எஸ்டேட்டில் இருந்த காலத்துக் கதையெல்லாம் ஒன்பது மணிவரை சொல்லுவாள். வெளியே போ என்று வீட்டுக்காரியிடம் எப்படிச் சொல்வது? ஜெபகனி பல்லைக் கடித்துக்கொண்டு சிக்கெடுத்தாள்.