இருளாயி சொன்ன எண்பத்தாறு பேர்

சேனாதிபதி பழனிக்காரர். பஞ்சாமிர்தக் கடைக் குடும்பம். 1962-இல் மன்னவனூருக்கு மேற்கே ஒரு மலைச்சரிவில் இருந்த ஓராசிரியர் தொடக்கப் பள்ளிக்கு அவரைத் தூக்கிப் போட்டார்கள். வந்த முதல் நாளே அவருக்கு எரிச்சல் மூட்டியவள் மதிய உணவு சமைக்கும் இருளாயி.

படியால் அளந்தால் இரண்டு நிமிடத்தில் முடிகிற வேலை அவளிடம் கால் மணி நேரம் இழுத்தது. அரிசி மூட்டைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு பிள்ளையின் பெயராகச் சொல்லி, பெயருக்கு ஒரு அள்ளு அரிசியைப் பானையில் போடுவாள். சில பெயர்களுக்கு வெறும் கையைப் பானைமேல் கவிழ்ப்பாள்.

“அது யாரும்மா, அரிசியே இல்லாத ஆளு?”

“திருமலைச்சாமிங்க. அஞ்சாப்பு முடிச்சுப் போயிட்டான். இப்ப பெருமாள்மலையில லாரிக்குச் சுமை ஏத்துறான்.”

“போனவன் பேரை எதுக்குச் சொல்லிக்கிட்டு?”

“விட்டா அடுத்த பேரு வராதுங்களே, வாத்தியாரய்யா.”

எழுத்தும் தெரியாது, எண்ணவும் தெரியாது. இவளிடம் என்னத்தைப் பேச என்று அவர் விட்டுவிட்டார். படித்தவர்களுக்கே உரிய அவசரம் அது.

இருளாயி அந்தப் பள்ளி வாசலிலேயே வளர்ந்தவள். 1951-இல் பள்ளி தொடங்கியபோது அவளுக்குப் பத்து வயது இருக்கும். அப்பனும் ஆத்தாளும் பூண்டுக் காட்டிலிருந்து திரும்பும்வரை தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்பாள். உள்ளே போய் உட்கார்ந்தால் அப்பன் மலைச்சாமி காலை ஒடித்துவிடுவான். பொட்டச்சிக்குப் படிப்பு எதற்கு என்பது அவன் கட்சி. வாத்தியார் தினமும் வருகை கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டே பெயர்கள் வரிசை குலையாமல் அவள் மனதில் ஏறிவிட்டன. சில வருடங்களில் மதிய உணவுத் திட்டம் வந்தது. அடுப்பு அவள் கைக்கு வந்தது. புதிதாகச் சேரும் பிள்ளையைக் கடைசிப் பெயருக்குப் பின்னால் சேர்த்துக்கொள்வாள்.

1963 சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆலங்கட்டி மழையோடு வந்த காற்று பள்ளிக்கூரைத் தகரங்கள் இரண்டைப் பிய்த்துக்கொண்டு போனது. மறுநாள் சேனாதிபதி ஏட்டுப் பெட்டியைத் திறந்தார். உள்ளே தண்ணீர் நீலமாகக் கிடந்தது. பள்ளி தொடங்கிய நாள் முதல் எழுதிவந்த சேர்க்கைப் பதிவேடு கூழாகியிருந்தது.

அந்த ஏட்டைப் பார்த்துத்தான் ஐந்தாம் வகுப்பு முடித்த ஐந்து பிள்ளைகளுக்குச் சான்றிதழ் எழுத வேண்டும். சான்றிதழ் இல்லையென்றால் பழனியில் விடுதியோடு கூடிய பள்ளியில் இடமில்லை. ஐந்தும் பூண்டுக் காட்டோடு சரி. அவர்களில் கந்தம்மாள் என்ற பெண் தன் தகரப் பெட்டியில் ஏற்கனவே பெயர் எழுதி வைத்திருந்தாள்.

புதன்கிழமை ஆய்வாளர் ஞானவேல் பூம்பாறையிலிருந்து நடந்தே வந்து சேர்ந்தார். கூழைப் பார்த்தார். கையிலிருந்த அலுவலகக் கோப்பைப் புரட்டினார்.

“இதுவரைக்கும் சேர்ந்தவங்க எண்பத்தேழு பேர்னு இதுல இருக்கு. எண்பத்தேழு பேரையும் சேர்ந்த வரிசையில கொடுங்க, புது ஏடு திறந்து கையெழுத்துப் போடுறேன். இல்லேன்னா நான் ஒண்ணும் செய்ய முடியாது சார்.”

வந்து ஒரு வருடம்கூட ஆகாத சேனாதிபதிக்குத் தெரிந்தது இப்போது படிக்கும் முப்பத்து நான்கு பேரை மட்டும்தான். அப்போது சமையல் கொட்டகையிலிருந்து அந்தக் குரல் கேட்டது. பெயர், அரிசி. பெயர், வெறும் கை. சேனாதிபதி கொட்டகைக்கு ஓடினார்.

“இருளாயி, இதை உள்ள வந்து சொல்லும்மா.”

“கை சும்மா இருந்தா வாய் வராதுங்களே!”

மூட்டையும் பானையும் வகுப்புக்குள் வந்தன. அவள் வெட்கத்தோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்து தொடங்கினாள். பெயர், தகப்பன் பெயர், சேர்ந்தது உருளைக்கிழங்கு தோண்டும்போதா பூண்டு காயும்போதா, எல்லாம் வந்தது. பன்னிரண்டு வருடத்துப் பிள்ளைகள் ஒருவர்பின் ஒருவராக அந்த அறைக்குள் நடந்து வந்தார்கள். ஞானவேல் தன் கோப்பில் இருந்த, பள்ளி தொடங்கியபோது அனுப்பிய முதலாண்டுப் பட்டியலில் குறி போட்டுக்கொண்டே வந்தவர், அந்த வருடம் தாண்டியதும் அதை மடித்துவிட்டு அவளையே பார்க்கத் தொடங்கிவிட்டார். சேனாதிபதி ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே போனார். இப்படி ஒருத்தியை அடுப்படியில் வைத்துக்கொண்டு ஏடு போயிற்றே என்று அழுதோமே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

முடித்தாள். எழுதியதை எண்ணினால் எண்பத்தாறு.

“இன்னொருக்கா சொல்லும்மா,” என்றார் ஞானவேல். மறுபடியும் எண்பத்தாறு. பின்பெஞ்சில் கந்தம்மாள் விசும்பினாள். ஒரு பெயரில் எல்லாம் போய்விடும் போலிருந்தது.

ஞானவேல் முதலாண்டுப் பட்டியலை மறுபடி விரித்தார். இருபது பெயரில் பத்தொன்பதுக்குக் குறி விழுந்திருந்தது. விடுபட்ட இருபதாவதை மெதுவாக வாசித்தார்.

“இருளாயி. தகப்பன் மலைச்சாமி. வயது பத்து.”

சேனாதிபதிக்குத்தான் முதலில் விளங்கியது.

“பள்ளிக்கூடம் தொடங்க இருபது பிள்ளை வேணும். ஒண்ணு குறைஞ்சிருக்கு. வாசல்ல நின்ன உன்னை அந்த வாத்தியார் எழுதிட்டார். உங்கப்பனுக்குத் தெரிஞ்சா வம்புன்னு பேரை மட்டும் கூப்பிடல போலிருக்கு.”

இருளாயி அரிசிக் கையோடு எழுந்து வந்தாள். காகிதத்தில் தன் பெயர் எது என்று கேட்டு, தொடாமல் குனிந்து பார்த்தாள்.

“அப்ப நானும் இங்க படிச்ச புள்ளைங்களா?”

“நீங்க இல்லேன்னா பள்ளிக்கூடமே இல்லம்மா,” என்றார் ஞானவேல்.

புது ஏடு திறந்தார்கள். அன்று மாலைக்குள் ஐந்து சான்றிதழிலும் கையெழுத்து விழுந்தது. கடைசியாக ஏட்டின் இருபதாவது வரியில் ஒரு கட்டம் நிரப்பாமல் இருந்ததை ஞானவேல் கண்டார். பள்ளியை விட்டு நீங்கிய நாள். பேனாவைத் திறந்தபடி, எப்போது நின்றீர்கள் என்று அவளிடம் கேட்டார்.

“நிக்கவே இல்லீங்களே அய்யா. தெனமும்தான வாரேன்.”

அவர் பேனாவை மூடிவிட்டார்.