வெளிநாட்டிலிருந்து வந்த அழைப்பு

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்துக் கோயில் திருவிழாக்களுக்கு நாடகம் எழுதிக்கொண்டிருந்த நான் முதன்முதலாகச் சினிமா எடுக்கத் துணிந்தபோது, தாய் வேடத்துக்கு வேறு யாரையும் நினைக்கவில்லை. என் நாடகங்கள் எல்லாவற்றிலும் நடித்த அக்கா ஒருவர் இருந்தார். கொழுந்து பறிப்பவர். மைக் கெட்டுப்போனாலும் கடைசி வரிசைவரை கேட்கும் குரல் அவருக்கு.

படப்பிடிப்பில் அந்தக் குரலே எனக்கு வினையானது. வெளிநாட்டில் வீட்டு வேலை செய்யும் மகளிடம் தாய் போனில் பேசும் காட்சி. கமராவை முகத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தோம். அக்காவோ எதிர் மலையில் நிற்பவரைக் கூப்பிடுவதுபோலப் பேசினார். “கொஞ்சம் மெதுவாக்கா” என்றேன். குரலை அடக்கினார், முகமும் சேர்ந்து செத்துப்போனது.

கொழும்பிலிருந்து வந்திருந்த கமராக்காரர் என்னைத் தனியே அழைத்தார். “எனக்குத் தெரிஞ்ச நடிகை ஒருத்தங்க இருக்காங்க. சொன்னா நாளன்னைக்கே வருவாங்க. யோசிங்க.”

யோசித்தேன். வேறு வழி தெரியவில்லை. அன்று மாலை அக்காவிடம் சொல்லிவிடலாம் என்று அவருடைய லயத்து வீட்டுக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தார். வாசலில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை, அத்தனை மெதுவான பேச்சு. அவருடைய மகளும் குவைத்தில் வேலை செய்கிறாள். அவளை நினைத்துத்தான் அந்தக் காட்சியையே எழுதியிருந்தேன். ஆனால் அவர்கள் பேசிக்கொள்வதை நான் கேட்டதில்லை.

“வீட்டுக்கார அம்மா அங்க மத்தியானம் தூங்குறப்பதான் அவ பேசுவா. அதான் சத்தமில்லாம” என்றார் அக்கா, போனை வைத்துவிட்டு.

சொல்ல வந்ததை விட்டுவிட்டேன். “நாளைக்கு நம்ம சீன்ல மகளையே பேசச் சொன்னா என்னக்கா?”

“நீங்க எழுதுனத அவ சொல்ல மாட்டாளே தம்பி.”

“எழுதுனது வேணாம்.”

மகள் சம்மதித்தாள். தன் குரல் மட்டும் படத்தில் வரக் கூடாது என்றாள். மறுநாள் அதே நேரத்துக்குக் கமராவோடு காத்திருந்தோம். அழைப்பு வரத் தாமதமானது. பிறகு போன் அதிர்ந்தது.

அக்கா எங்களை மறந்துபோனார். மகளுடைய தம்பியின் பரீட்சை, தன் முழங்கால் வலி என்று பேச்சு போனது. “இங்க ஒரே மழ. நீ தலைய நனைச்சிக்காத” என்றவர், ஒரு கணம் நிறுத்தி, “அங்க எங்க மழ” என்று தானே சிரித்தார். சிரித்த முகத்தோடு கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்படி ஒரு வசனத்தை நான் எழுதியதே இல்லை. கமராக்காரர் கண்ணை எடுக்காமல், ஒரு கையை மட்டும் நீட்டி என் மணிக்கட்டை அழுத்திப் பிடித்தார்.

“சரியா வந்துச்சா தம்பி? நான் நடிக்கவே இல்லையே” என்றார் அக்கா.

“வந்துருச்சுக்கா” என்று சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தேன்.

பதுளையில் படத்தைத் திரையிட்ட அன்று, அந்த மழைப் பேச்சுக்கு மண்டபமே சிரித்தது, உடனே அமைதியானது. ஒப்பந்தம் முடிந்து வந்த மகளுக்கு, அக்காவின் வீட்டில் வைத்து என் லேப்டாப்பில் போட்டுக் காட்டினேன். அக்கா கண்ணைத் துடைக்கும் இடத்தை இன்னொரு தடவை போடச் சொன்னாள்.

“இனி போறதா இல்ல மாமா” என்றாள். “டவுன்ல ஒரு துணிக்கடையில வேல கேட்டிருக்கேன். வரச் சொல்லிட்டாங்க.”

அக்கா எங்கள் மூவருக்கும் தேத்தண்ணி ஊற்ற எழுந்து போனார்.