ஓரடி முன்னால் வரும் மனிதர்

முதலமடையில் காரை ஓரமாக விட்டுவிட்டு, ஒரு தோப்பில் மாங்காய்களைப் படமெடுத்துக்கொண்டிருக்கிறேன். தோப்புக்கார அம்மாள் என் கேமராவைப் பார்த்துவிடுகிறார்.

"ஏனுங்க, எங்க ஊட்டுக்காரரத் தெளிவா ஒரு போட்டோ புடிச்சுக் குடுங்க. துபாய்ல இருக்கற புள்ள கேட்டுட்டே இருக்கறா. நாங்க எடுத்தா எல்லாமே கலங்கலாப் போயிருதுங்க."

ஆட்டோ ஃபோகஸ் குறுக்கே தொங்கும் இலைகளையே பிடிப்பதால், முறைப்படி மேனுவலுக்கு மாற்றுகிறேன். திரையில், எதிரே வந்து நிற்கும் கணவரின் முகத்தைப் பெரிதாக்கி, மீசை மயிர் தனித்தனியாகத் தெரியும்வரை லென்ஸ் வளையத்தைத் திருகுகிறேன். அழுத்தும் நேரத்தில் அவர் ஓரடி முன்னால் வருகிறார்.

"சாப்புட்டுப் போட்டுத்தான் போகோணும்."

படம் கலங்கல். அசையாமல் நிற்கச் சொல்லிவிட்டு மறுபடி திருகுகிறேன். மறுபடி ஓரடி.

"ரெண்டு இட்லியாவதுங்க?"

கேமராக் கையேட்டை முழுவதும் படித்தவன் நான். அதில் விருந்தோம்பலுக்கு அத்தியாயம் இல்லை.

இந்த முறை அவருக்கு ஓரடி முன்னால் அம்மாளை நிறுத்தி, அம்மாள் முகத்துக்கு ஃபோகஸ் வைத்துவிட்டு, அம்மாளை விலகச் சொல்கிறேன். பிறகு உரக்க, "எனக்குச் சாப்பாடே வேண்டாங்க" என்கிறேன்.

கணவர் பதறிக்கொண்டு ஓரடி முன்னால் வருகிறார். அழுத்துகிறேன்.

கண், மீசை, நெற்றிச் சுருக்கம் எல்லாம் துல்லியம். வாய் மட்டும் திறந்திருக்கிறது. இன்னொன்று எடுக்கட்டுமா என்று கேட்கிறேன்.

"வேண்டாங்க, இதே இருக்கட்டும்." அம்மாள் சிரிக்கிறார். "இதப் பாத்ததுமே புள்ள, 'சாப்புட்டேனுங்கப்பா'ம்பா."