தேயிலை ஒரு மரம்: சரியா, பிழையா?

பொது அறிவுப் போட்டி நடத்துபவனுக்கு ‘சரி’, ‘பிழை’ என்று இரண்டே சொற்கள் தெரிந்தால் போதும். அந்த இரண்டையும் மாற்றிச் சொல்லிவிடாமல் இருப்பதுதான் தொழில். மைக்கில் ஒன்றைச் சத்தமாக அறிவித்துவிட்டு, அறிவித்த பிறகு ‘அப்படித்தானா?’ என்று தனக்குள் கேட்டுக்கொண்டவர்கள் உங்களில் யாராவது இருந்தால் என் பக்கத்தில் வந்து உட்காருங்கள். நாமெல்லாம் ஒரே சாதி.

தொண்ணூறுகளின் நடுவில் நான் இலங்கை மலையகத்து ஹாலிஎலயில் ஆசிரியர். எங்கள் வாசகர் வட்டத்தின் சார்பில் ஞாயிற்றுக்கிழமைகளில் தேயிலைத் தோட்டங்களுக்குப் போய்ப் பெரியவர்களுக்குப் போட்டி நடத்துவேன். கேள்விகளைத் தயாரிப்பவர் பதுளையில் கிளார்க்காக இருந்த சிவபாதம். யாழ்ப்பாணத்துக்காரர், எதையும் புத்தகத்தில் பார்த்துத்தான் நம்புவார். முறை எளிது. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தின் நடுவே ஒரு கயிறு. நான் ஒரு வாக்கியம் வாசிப்பேன். சரி என்று நினைப்பவர்கள் ஒரு பக்கம், பிழை என்று நினைப்பவர்கள் மறுபக்கம். விடைக்கு மாறான பக்கம் நின்றவர்கள் வெளியே. கடைசியில் மிஞ்சுபவருக்கு, ரேடியோவைக் கேட்டு நேரம் வைத்த ஒரு சுவர்க் கடிகாரம்.

கங்காணி போகும் பக்கம்

தெமோதரைப் பக்கம் ஒரு தோட்டத்தின் டிவிஷன். அங்கே முதல் சிக்கல் கயிறு கட்டும்போதே வந்தது. பிழைக்கு ஒதுக்கிய பக்கத்தில் கோயில் இருந்தது. சாமி இருக்கும் திசையைப் பிழை என்று சொல்ல ஒருவரும் சம்மதிக்கவில்லை. ஆகவே கோயில் பக்கம் சரி, ஃபேக்டரிப் பக்கம் பிழை என்று மாற்றினோம்.

விசில் ஊதினேன். ஆண்கள் தனியாக, பெண்கள் தனியாக, அறுபது பேர் ஒரே நிமிடத்தில் வரிசையாக நின்றுவிட்டார்கள். என்ன ஒழுங்கு என்று நான் மகிழ்ந்தேன். பிறகுதான் புரிந்தது, அவர்கள் போட்டிக்கு நிற்கவில்லை, பெரட்டுக்கு நிற்கிறார்கள். வரிசைக்கு முன்னால், அவர்களை வேலை வாங்கும் ராமையா கங்காணி. நிலா பூமியைச் சுற்றுகிறது என்றேன். கங்காணி தொண்டையைச் செருமிக்கொண்டு கோயில் பக்கம் நடந்தார். அறுபது பேரும் கோயில் பக்கம். திமிங்கிலம் ஒரு மீன் என்றேன். கங்காணி திரும்பி ஃபேக்டரிப் பக்கம் நடந்தார். அறுபது பேரும் ஃபேக்டரிப் பக்கம். எட்டுக் கேள்வி முடிந்தது. ஒருவர்கூட வெளியேறவில்லை, மனிதர் ஒன்றுகூடப் பிழைவிடவில்லை. கடைசியில் கங்காணியைக் கெஞ்சி ஓரமாக உட்காரவைத்தேன். அடுத்த கேள்விக்கு அத்தனை பேரும் கயிற்றின் மேலேயே நின்றார்கள். ஏன் நகரவில்லை என்று கேட்டதற்கு முன்வரிசை ஆள் ஒருவர் சொன்னார்: “கங்காணி எந்தப் பக்கம்னு சொல்லுங்க சார், போயிடுறோம்.”

அறுபது கூடைகள்

இதற்கு நான் கண்டுபிடித்த மருந்தை நினைத்து இன்றும் வெட்கப்படுகிறேன். கொஞ்சம் பெருமையும் படுகிறேன். அடுத்த மாதம் எல்லோரையும் கொழுந்துக் கூடையோடு வரச்சொன்னேன். கேள்வியை வாசித்ததும் கூடையைத் தலைக்கு மேல் கவிழ்த்துக்கொள்ள வேண்டும். யார் எங்கே போகிறார் என்று யாருக்கும் தெரியாது. அவரவர் அறிவு அவரவர் கூடைக்குள்.

அறுபது கூடைகள் நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முட்டிக்கொண்டன, மன்னிப்புக் கேட்டன, மறுபடி முட்டிக்கொண்டன. இரண்டு கூடைகள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு பிரிய மறுத்தன. ஒரு கூடை சரியையும் பிழையையும் தாண்டி நேராகப் போய் ஓரத்து வடிகால் கானுக்குள் இறங்கியது. நான் நில்லுங்கள் என்று கத்த, கூடைகளுக்குள்ளிருந்து சிரிப்பு வந்தது. ஆனாலும் போட்டி நடந்தது. பத்துக் கேள்வியில் இருவர்தான் மிஞ்சினார்கள். ஒருவர் கொழுந்தெடுக்கும் செல்வமேரி. மற்றவர், மனைவியின் கூடையைக் கவிழ்த்திருந்த அதே ராமையா கங்காணி. எனக்குச் சந்தேகம் வந்தது. கூடைக்குள்ளிருந்து வெளியே ஏதாவது தெரிகிறதா என்று அவரிடம் கேட்டேன். “ஒண்ணும் தெரியலீங்க சார், உங்க காலு மட்டுந்தான் தெரியுது.”

ஒற்றை ஆள்

செல்வமேரிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கடிகாரம் தனக்குத்தான் வேண்டும் என்று தொடக்கத்திலேயே எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார். சாயங்காலம் வேலை முடிவதற்கு ஃபேக்டரியில் ஊதும் சங்கு நேரத்துக்குத்தான் ஊதுகிறதா என்று அவருக்கு நெடுநாள் சந்தேகம். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் ஒருவரிடமும் நம்பக்கூடிய கடிகாரம் இல்லை. இருக்கிற ஒன்றிரண்டுக்கும் சங்கைக் கேட்டுத்தான் நேரம் வைப்பார்கள். பிறகு அதைக்கொண்டு சங்கை எப்படிச் சோதிப்பது?

கடைசிக் கேள்வியை வாசித்தேன்: தேயிலை ஒரு மரம். கங்காணி ஃபேக்டரிப் பக்கம் போனார். செல்வமேரி கோயில் பக்கம் போய்க் கூடையைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து நின்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிவபாதத்தின் தாளில் ‘பிழை, அது செடி’ என்று இருந்தது. நான் லயத்தில் பிறந்தவன். என் அம்மா இடுப்புயரத்துச் செடியில் கொழுந்தெடுத்துத்தான் என்னை ஆசிரியனாக்கினார். எதிரே மலை முழுக்கத் தேயிலை. நான் மலையைப் பார்க்கவில்லை, தாளைப் பார்த்துப் பிழை என்றேன். கடிகாரம் கங்காணிக்குப் போயிற்று. செல்வமேரிக்கு அன்றைக்கே ‘மரம்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். நாளைக்குக் கொழுந்தெடுக்க ஏணி வேண்டுமா என்று ஒருவர் கேட்டது என் காதிலேயே விழுந்தது. செல்வமேரி அதைக் கவனிக்காமல் என்னிடம் வந்து சொன்னார்: “கவ்வாத்து வெட்டாம விட்டுப் பாருங்க சார், அப்ப தெரியும்.”

ரயில் போகிறதா?

அடுத்து வேறொரு தோட்டம். தெமோதரை ஸ்டேஷனுக்கு அடியிலேயே ரயில் போகிறது என்றேன். தண்டவாளம் மலையை ஒரு சுற்றுச் சுற்றி, அந்த ஸ்டேஷனுக்குக் கீழேயுள்ள சுரங்கத்தின் வழியாகப் போவது அங்கே எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் சரிப் பக்கம் போனார்கள். ஒருவர் மட்டும் கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு காலும் அந்தப் பக்கம் ஒரு காலுமாக நின்றார். ஏதாவது ஒரு பக்கம் போகச் சொன்னேன். “கோச்சி போகும்னு மட்டும் கேட்டா சரிங்க சார், மூணு மணிக்குப் போகும்னு கேட்டா பிழைங்க.”

தப்பின் நிழல்

அன்று திரும்பும்போது, கைவிட்டுக் காடாகிப்போன ஒரு மலைத்துண்டு வழியாகக் குறுக்கே நடந்தேன். நல்ல வெயில். ஒரு மரத்தடியில் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்தேன். மேலே வெள்ளைப் பூ, நடுவில் மஞ்சள். எங்கேயோ பார்த்த பூவாக இருக்கிறதே என்று ஓர் இலையைக் கிள்ளினேன். தேயிலை. இரண்டு ஆள் உயரம், அடிமரம் என் தொடைப் பருமன். கவ்வாத்து வெட்ட ஆளில்லாமல் தன் இஷ்டத்துக்கு வளர்ந்திருந்தது. நான் சொன்ன பிழையின் நிழலில்தான் அவ்வளவு நேரம் இளைப்பாறியிருக்கிறேன். எனக்குச் சிரிப்பு வந்தது, ஆளில்லாத காட்டில் வாய்விட்டுச் சிரித்தேன்.

ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு நேரே பதுளைக்குப் போய்ச் சிவபாதத்தின் மேசைமேல் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புரட்டிப் பார்த்தார், முகர்ந்தார், புத்தகத்தைத் திறந்தார், மூடினார். பிறகு ஒப்புக்கொண்டார்: “மாஸ்டர், நான் தேயிலையைக் கோப்பைக்குள்ள மட்டும்தான் கண்டனான்.”

இரண்டாவது கடிகாரம்

உடனே செல்வமேரியிடம் போய்ச் சொல்லியிருக்கலாம்தானே? சொல்லவில்லை. நாலு மாதம் தள்ளிப்போட்டேன். பிழைவிட்ட பிள்ளைகளைப் பத்துத் தடவை திருத்தி எழுதவைக்கிற நான், ஒரு தடவை சொல்லப் பயந்தேன். கடைசியில் ஒரு கோழைத்தனமான திட்டம் போட்டேன். இன்னொரு கடிகாரத்தோடு போவது, கடைசிவரை வந்த இருவருக்கும் சிறப்புப் போட்டி என்று அறிவிப்பது, அதே கேள்வியைக் கேட்பது. செல்வமேரி சரிப் பக்கம் நிற்பார், வெல்வார், நான் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

கேட்டேன். செல்வமேரி யோசிக்கவேயில்லை, விறுவிறுவென்று பிழைப் பக்கம் போய் நின்றார். நாலு மாதமாக ‘மரம்’ என்று கூப்பிடப்பட்டவர் வேறு எங்கே போய் நிற்பார்? கங்காணியோ தரையைப் பார்த்தார், தயங்கினார், மறுபடி தரையைப் பார்த்தார், சரிப் பக்கம் போனார். நான் கடிகாரத்தைக் கட்டிப்பிடித்தபடி நின்றேன். எப்படி அந்தப் பக்கம் போனார் என்று கேட்டதற்கு, விடை சரி என்றால் என் வலது கால் எப்போதும் கோயில் பக்கம் லேசாகத் திரும்பும் என்று மரியாதையாகச் சொன்னார். அறுபது பேர் என் காலைக் குனிந்து பார்த்தார்கள். கால் திரும்பித்தான் இருந்தது.

அதற்குமேல் மறைக்க என்ன இருக்கிறது? அன்று செல்வமேரி நின்ற பக்கமே சரி, நான்தான் பிழை என்று மைக்கில் சொன்னேன். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. அன்று ஏணி வேண்டுமா என்று கேலி செய்தவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். புதுக் கடிகாரத்தை விதிப்படி கங்காணியே வாங்கினார். வாங்கியதும் வீட்டுக்குப் போய்ப் பழையதைக் கழற்றிவந்து செல்வமேரி கையில் கொடுத்தார். செல்வமேரி அதைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்: “சரின்னு நின்னா பிழைங்குறீங்க, பிழைன்னு நின்னா சரிங்குறீங்க. இனிமே நீங்க மொதல்ல ஒரு பக்கம் நின்னுட்டு அப்புறம் கேளுங்க சார்.”

சங்கு

சில வாரம் கழித்து ஹாலிஎல பஸ் நிலையத்தில் செல்வமேரியைப் பார்த்தேன். கடிகாரம் ஓடுகிறதா என்று கேட்டேன். சங்குதான் ஓடவில்லை என்றார். தினமும் கால் மணி நேரம் பிந்தி ஊதியதாம். ஃபேக்டரியில் போய்ச் சொன்னபோது, உன் கடிகாரம்தான் பிழை என்று அனுப்பிவிட்டார்கள். பிறகு என்ன ஆயிற்று என்று அவசரமாகக் கேட்டேன். அவரோ சிரித்துக்கொண்டே மிச்சத்தைச் சொன்னார். லயத்தில் இப்போது இரண்டு கடிகாரங்கள். கங்காணி தன்னுடையதை எடுத்துவந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தார், இரண்டும் ஒரே நேரம் காட்டின. மறுநாள் இரண்டு கடிகாரங்களும் ஃபேக்டரி வாசலுக்குப் போயின. அதற்கு அடுத்த நாள் சங்கு நேரத்துக்கு ஊதியது. எப்படி ஒத்துக்கொண்டார்கள் என்று கேட்டேன். “இந்தத் தடவ கங்காணி எம் பக்கம் வந்து நின்னாருங்க சார், அப்புறம் கேக்கணுமா, எல்லாரும் வந்துட்டாங்க.”

பத்துப் பன்னிரண்டு வருடம் ஊருக்கெல்லாம் சரி, பிழை சொன்னதில் எனக்கு மிஞ்சிய பொது அறிவு, விடையைப் பென்சிலால் எழுத வேண்டும், கேள்வியை மேசைக்குப் பின்னால் காலை மறைத்துக்கொண்டு கேட்க வேண்டும் என்பது மட்டும்தான்.