தலை தேய்த்துவிட வந்தவர்

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட சைகோனில் நாங்கள் குடியிருந்தபோது, வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் வீட்டுப் பெண்களுக்குத் தலை தேய்த்துவிட அந்த ஊர் அம்மாள் ஒருவர் வருவார். கறுப்புச் சாயமேற்றிய பற்கள், முழங்கால்வரை நீண்ட கூந்தல். நம் சீயக்காய் போலவே நுரைக்கும் ஒரு காயைப் பம்பளிமாஸ் தோலோடு கொதிக்கவைத்துத் தேய்ப்பார். அந்த வாசனைக்காகவே நான் வெள்ளிக்கிழமைக்குக் காத்திருப்பேன்.

நுரையோடு சிக்கெடுக்க அவரிடம் ஓர் எருமைக்கொம்புச் சீப்பு இருந்தது. பல் கீறுகிறதா என்று தன் தலையில் ஒருமுறை வாரிப் பார்த்துவிட்டுத்தான் என் தலையில் வைப்பார்.

ஒருநாள் அதை என் மாமியார் பார்த்துவிட்டார்.

"அவ தலையில வச்ச சீப்பையா உன் தலையில வைக்கிறா?" என்று கத்தியவர், சீப்பைப் பிடுங்கி எரிகிற அடுப்பில் போட்டார். கொம்பு கருகி வீடெல்லாம் நாறியது.

அந்த அம்மாள் கையிலிருந்த நுரையை உதறினார். தமிழர் வீடுகளில் கற்றுக்கொண்ட தமிழில், "என் கை இங்க எல்லார் தலையும் தேய்க்குது. கை சுத்தம், தலை மட்டும் அழுக்கா?" என்று கேட்டார். மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாத்திரத்துத் தண்ணீர் முழுவதையும் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு, அந்த அம்மாள் போய்விட்டார். நான் நுரை வழிய உட்கார்ந்திருந்தேன்.

சில மாதம் கழித்து, சைகோனை ஒட்டிய சோலோன் சந்தையில் அந்த அம்மாள் எதிரே வந்தார். புதுச் சீப்பு வாங்கித் தருகிறேன் என்றேன்.

"அன்னைக்கு உனக்கு வாய் இல்ல?" என்று கேட்டார். நிற்கவில்லை.

மாமியார் இறந்துவிட்டார். அவர்மேல் இருந்த கோபம் ஆறிவிட்டது. என்மேல் இருப்பதுதான் ஆறவில்லை.