புரூஜ் கோபுரத்தடியில் ஒரு கலியாணப் படம்

போன கிழமை மருமகன் கைபேசியை நீட்டினான். பெல்ஜியத்தின் புரூஜ் நகரச் சதுக்கத்தில் அவனும் மனைவியும் நிற்கிறார்கள். பின்னால் பழைய மணிக்கோபுரம், அடி முதல் நுனி வரை. முகங்களும் தெளிவு, கோபுரமும் தெளிவு. கையை நீட்டி ஒரே தட்டில் எடுத்ததாம். எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது.

ஜெர்மனியின் கொலோனில் நான் கலியாணப் படம் எடுத்துப் பிழைத்த காலத்தில் அந்தக் கோபுரம் என் முதுகை முறித்திருக்கிறது. கொலோனின் பெரிய தேவாலயம் எங்கள் ஆட்களுக்கு அலுத்துவிட்டது. அதன் ஒரு பக்கத்தில் எந்நேரமும் திருத்தவேலை வேறு. ஆகவே புதுத் தம்பதிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு எல்லை தாண்டிப் புரூஜுக்குப் போவோம். வழி முழுக்க ஆட்டிறைச்சி ரோல்ஸ் மணக்கும். இறங்கினால் குதிரைச் சாணமும் வாஃபிளும் கலந்த இன்னொரு மணம். படிப்படியாய் ஏறி இறங்கும் செங்கல் முகப்புகள், வாய்க்கால் மேல் வளைந்த கல் பாலங்கள் என்று நான் விளக்கம் சொல்லிக்கொண்டே போவேன். ஒருவரும் கேட்கமாட்டார்கள். எல்லாருக்கும் சேலை மடிப்பில்தான் கண்.

அப்படிப் போனவர்களில் வசந்தியை மறக்க முடியவில்லை. போர்க்காலம். விசா கிடைக்காமல் தாய் யாழ்ப்பாணத்திலேயே நின்றுவிட்டார்; மகளைக் கண்டு பல வருடம். மாப்பிள்ளையின் அண்ணர்தான் எங்களோடு வந்தார். அவர் சொன்னால் சொன்னதுதான்.

"உச்சி வெட்டுப்படக் கூடாது தம்பி. கலியாணப் படத்திலை கோபுரம் அரைகுறையா நிண்டால் சரியில்லை."

கோயில் கோபுரத்தைக் கலசத்தோடு சேர்த்து எடுக்கவேண்டும் என்பது எங்கள் வழக்கம். அதை மனிதர் பெல்ஜியம் வரை கொண்டுவந்துவிட்டார். உண்மையில் அந்தக் கோபுரத்துக்கே உச்சி கிடையாது. மரத்தாலான கூர்முனை முன்னொரு காலத்தில் எரிந்தது; திரும்பக் கட்டியதும் எரிந்தது; பிறகு விட்டுவிட்டார்கள். சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை.

கோபுரம் முழுசாய்ப் படத்துக்குள் விழ, நான் சதுக்கத்தின் மறு ஓரம் வரை பின்வாங்கி நிலத்தில் படுத்தேன். கமராவுக்குள் மணமக்கள் இரண்டு எறும்புகள்.

திடீரென்று வசந்தி மாப்பிள்ளையின் கையை விட்டாள். கூறைச்சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தபடி, குதிரைவண்டிகளைத் தாண்டி, நேரே என்னிடம் நடந்து வந்து நின்றாள்.

"அம்மாவுக்கு என்ர முகம் தெரியவேணும் அண்ணை. இப்ப எடுங்கோ."

எடுத்தேன். அந்தப் படத்தை அல்பத்தில் வைக்க அண்ணர் விடவில்லை. வசந்தி அதைத்தான் தாய்க்கு அனுப்பினாள்.

பிறகு பிலிம் போயிற்று, என் கடையும் போயிற்று. போர் ஓய்ந்து வசந்தி ஊருக்குப் போகமுன்னமே தாயும் இறந்துவிட்டார். ஊரில் அவளுடைய சித்தி வைத்திருந்து கொடுத்த அந்தப் படத்தோடு ஒருநாள் வசந்தி என்னைத் தேடி வந்தாள். தாய் தினமும் அதை விரலால் தடவிக்கொண்டிருந்தாராம். முகம் இருந்த இடம் தேய்ந்து வெள்ளையாகிவிட்டது. பின்னால் பாதிக் கோபுரம் மட்டும் அப்படியே நின்றது.

"நெகட்டிவ் இருக்கோ அண்ணை?"

"இல்லைத் தங்கச்சி. கடையோடை எல்லாம் போயிட்டுது."

படத்தைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"பரவாயில்லை. பாக்கவேண்டிய ஆள் பாத்து முடிச்சிட்டா."